சேதுராமனுக்கு ஓர் இலை

கஜா பேராங்
20.2.2603

கிளேபாங் கடற்கரையின் மகாராணி பஷீராவுக்கு,

தேதியைப் பார்த்துப் பயந்துவிடாதே. 1943 என்று எழுதக் கூடாதாம், ஜப்பான் கணக்கில் 2603 என்றுதான் எழுத வேண்டுமாம். ஒரே மூச்சில் நமக்கு அறுநூற்று அறுபது வயது கூடிவிட்டது. ஆனாலும் உன் மூக்கில் இன்னும் பரு வருகிறதா, எழுது.

உங்கள் கடையை ராணுவம் எடுத்துக்கொண்டு நீங்கள் கடலோரம் போய் ஒரு மாதம் ஆகிறது. இங்கே காலையில் மரவள்ளி, பகலில் மரவள்ளி, மாலையில் மாறுதலுக்கு வள்ளிமரம். கணக்கெழுதும் கிராணி வேலை போன என் அப்பா கொல்லையில் அதைத்தான் நட்டுக்கொண்டிருக்கிறார். இந்த ஊருக்குக் கோபம் கொண்ட யானை என்று மலாயில் பெயர் வைத்தவன் நிச்சயம் மரவள்ளி தின்ற யானையைத்தான் பார்த்திருப்பான்.

இனி விஷயம். நம் சேதுராமன் சுகமாக இருக்கிறான். மதராஸ் கப்பல் நின்று பதினான்கு மாதம் ஆயிற்று. கடைசியாக வந்த பத்திரிகையின் தொடர்கதையில் அவன் துறைமுகத்தில் நின்றான், கீழே ‘தொடரும்’ என்று போட்டிருந்தது. கப்பல் தொடரவில்லை, ஆகவே நாம் தொடர்ந்தோம். உன் வாப்பாவின் கடைக் கிடங்கில் பழைய பத்திரிகைக் கட்டு கிடைத்தது என்று நாம் விட்ட புளுகை இன்னும் ஒருவரும் சந்தேகப்படவில்லை. நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பதினெட்டாம் அத்தியாயத்தை நேற்று மக் சாரதாவின் அடுக்களையில் படித்தேன். வழக்கம்போல் தமிழில் ஒரு பத்தி, உடனே மலாயில் ஒரு பத்தி. செட்டி கம்பத்துப் பெண்கள் எட்டுப் பேர் மாவு இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் முன்னோர் தமிழர், சாமி தமிழ்ச் சாமி, பெயர் சாரதாம்பாள். அம்மா என்று கூப்பிடுவதுதான் ‘மக்’ ஆகிவிட்டது. நாக்கு மட்டும் மலாய். மதராஸ் கடற்கரை எப்படி இருக்கும் என்று ஒருத்தி கேட்டாள். நான் மதராஸைக் கண்டேனா? பண்டார் ஹிலிர் கடற்கரையைச் சொல்லி, அதைப் பத்தால் பெருக்கிக்கொள் என்றேன்.

இதைக் கேட்டால் நீ வயிறு வலிக்கச் சிரிப்பாய். மக் சாரதாவின் மகன் தேவதாஸ் இருக்கிறானே, பத்தொன்பது வயதில் ஒரு வரி தமிழ் தெரியாதவன், அவன் நம் கதையைக் கேட்டுக் கேட்டே தமிழ் பேச ஆரம்பித்துவிட்டான். அதுவும் சேதுராமன் பேசுகிற அச்சுத் தமிழ். மீன் கொண்டுவந்த உன் அஜீஸ் மாமுவிடம் போய், “ஐயா, தாங்கள் கொணர்ந்த மீன் புதியதா?” என்றானாம். மாமு சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டாராம். சேதுராமனைப் போலவே இடது கை சட்டையை மட்டும் மடித்து விட்டுக்கொள்கிறான். பேசுமுன் தொண்டையைச் செருமுகிறான். நான் கேலி செய்தபோது அவன் சிரிக்கவில்லை. மலாய்க்காரர் தன்னைத் தமிழன் என்கிறார்களாம், தமிழர் தன்னை மலாய்க்காரன் மாதிரி என்கிறார்களாம். சேதுராமனை மட்டும் நீ யார் என்று ஒருவரும் கேட்பதில்லையாம்.

இப்போது உயர்ந்த ரகக் குறும்பு ஒன்று. நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் எழுத்து, எனக்குத் தெரியும் என்பதால், எங்கள் வீட்டு வரிசைக்குத் தலைவரான சுப்பையன் மாமா ரேஷன் பட்டியலை என்னையே எழுதச் சொல்கிறார். மக் சாரதா வீட்டில் அவரும் தேவதாஸும் இரண்டே பேர். நான் மூன்றாவதாக ஒரு பெயர் சேர்த்தேன். சேதுராமன், ஆண், வயது இருபத்து நான்கு. முத்திரை விழுந்துவிட்டது! அந்த அரிசியை எங்கள் வீடும் மக் சாரதா வீடும் பாதி பாதியாக எடுத்துக்கொள்கிறோம். ரேஷனுக்கு ரோஷம் கிடையாது, யார் பெயரில் வந்தாலும் வேகிறது.

அடுத்த அத்தியாயம் அனுப்பு. மாமுவின் மீன் கூடையில் அடியில் வைக்காதே, போன தடவை காதல் காட்சி முழுதும் இறால் வாசனை.

உன்
சந்திரமதி


கிளேபாங்
27.2.2603

சந்திராவுக்குப் பஷீரா எழுதுவது.

எல்லாரும் சுகம். வாப்பா இங்கே உப்பு காய்ச்சுகிறார். உம்மாவுக்கு முட்டி வலி. என் மூக்கைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை, ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நாம் காகிதத்தில் அவனை எழுதியது வேறு சந்திரா. அது நம்முடைய காகிதம். நீ எழுதியது அவர்களுடைய காகிதம். முத்திரை விழுந்த பெயருக்கு ஓர் உடம்பு இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைப்பார்கள். அடுத்த பட்டியலில் அடித்துவிடு. ஊருக்குப் போய்விட்டான் என்று எழுது, ஏதாவது எழுது.

தேவதாஸைக் கேலி செய்யாதே. உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சேதுராமனை எழுதும்போது நான் பெண்ணாகவோ, மரைக்காயர் வீட்டுப் பிள்ளையாகவோ, கிளேபாங்கில் அடைந்து கிடப்பவளாகவோ இருப்பதில்லை. மதராஸில் யாரோ ஒருவர் தொடங்கி வைத்த ஓர் ஆளுக்குள் புகுந்து, இஷ்டப்பட்ட இடத்துக்குப் போய்வருகிறேன். தேவதாஸுக்கும் அப்படி இருந்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பத்தொன்பதாம் அத்தியாயம் இதனுடன் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் கை அப்படித்தான் எழுதியது. வேறொருவனுக்கு வந்த ஓலையைச் சேதுராமன் தன்னுடையது என்று வாங்கிக்கொள்கிறான். வடக்கே போகிற ரயிலில் ஏறுகிறான். காடு தொடங்கும் இடத்தில் அத்தியாயம் முடிகிறது. அதற்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பெயரை அடித்துவிடு. மறக்காதே.

பஷீரா


கஜா பேராங்
18.5.2603

பஷீரா,

இரண்டு மாதமாக நான் எழுதாததற்குக் காரணம் சோம்பல். இன்று எழுதுவதற்குக் காரணம் பயம். பெயரை நான் அடிக்கவில்லை. அரிசி வந்துகொண்டிருந்தது, வயிறு பேசியதை மூளை கேட்டது.

நேற்று முன்தினம் ஜப்பான்காரர் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்தார். தமிழர்தான், சிங்கப்பூரிலிருந்து புதிதாக வந்திருக்கிறார், இந்த ஊரில் யார் முகமும் அவருக்குத் தெரியாது. கையில் என் எழுத்தில் எழுதிய பட்டியல். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். ஒரு வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தால் ஒருவர் போக வேண்டும். ஒரே ஆண் என்றால் விட்டுவிடுவார்கள். அடியே, புரிகிறதா? மக் சாரதா வீட்டில் தேவதாஸ் ஒருவன்தான். நான் இரண்டாக்கி வைத்திருக்கிறேன்.

சேதுராமன் யார் என்று கேட்டார். மக் சாரதா என்னைப் பார்த்தார். ரேஷனுக்கு நான் செய்ததை அவர் அறிவார், சமையல் செய்கிறவருக்கு அரிசிக் கணக்கு தெரியாதா? ஆனால் அவர் முகம் அசையவில்லை. மலாயில், வெளியே போயிருக்கிறான், வருவான் என்றார். ஆபீஸ்காரர் ஒன்றாம் தேதி லாரி வரும் என்றார். சேதுராமன் ஓடிப்போனால் தேவதாஸைக் கொண்டுபோவார்களாம். அப்படி ஓர் ஆளே இல்லை என்று தெரிந்தால், பட்டியல் எழுதியவரை ராணுவப் போலீஸ் விசாரிக்குமாம். அதைச் சொல்லும்போது என் கையெழுத்தின் மேல் பென்சிலால் தட்டினார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. சுப்பையன் மாமாவின் நெற்றியில் வியர்வை பூத்தது.

தேவதாஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிணற்றடியில் நின்று கேட்டான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாளியைக் கீழே வைத்தான். பிறகு தொண்டையைச் செருமினான். அவ்வளவுதான், போய்விட்டான். அது சேதுராமனின் செருமல். கேலி பண்ண வாய் வரவில்லை.

உன் பத்தொன்பதாம் அத்தியாயத்தை நான் இதுவரை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. பெட்டியில்தான் இருக்கிறது. சத்தியமாக.

ஒரு வழி சொல்லேன்.

சந்திரமதி


கிளேபாங்
20.5.2603

சந்திரா,

கோபப்பட நேரமில்லை, அதனால் கோபத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். பெல்ட்டை எடுத்தார், பிறகு கீழே வைத்துவிட்டு யோசித்தார். தேவதாஸை மீன் கூடைகளோடு இங்கே கொண்டுவந்து உப்புக் கொட்டகையில் மறைத்து வைக்கலாம் என்கிறார். உன்னையும் அனுப்பச் சொல்கிறார். அஜீஸ் மாமு வெள்ளிக்கிழமை வருவார். டயருக்குள் ரப்பர் டியூப் இல்லை, கயிறு திணித்துதான் ஓட்டுகிறார். ஆகையால் ஒரு தடவைக்கு ஒருவர்தான். தேவதாஸ் முதலில் வரட்டும்.

அவனுக்கு நீ வேறு கதை எதுவும் சொல்லாதே. “வா, போகலாம்” என்று மட்டும் சொல். மலாயில் சொல்.

பத்தொன்பதாம் அத்தியாயத்தை எரித்துவிடு.

பஷீரா


கஜா பேராங்
2.6.2603

பஷீரா,

மாமு வெறும் கூடையோடு திரும்பியதிலிருந்தே உனக்குத் தெரிந்திருக்கும். தேவதாஸ் ஏறவில்லை. மாமு கெஞ்சினார், நான் காலில் விழாத குறை. தான் ஒளிந்தால் ஆபீஸ்காரர் பட்டியலோடு என்னிடம் வருவார் என்றான். அதை மலாயில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவன் தமிழில் சொன்னான். நிறுத்தி நிறுத்தி, தப்பே இல்லாமல் சொன்னான்.

நேற்று லாரி வந்தது. ஆபீஸ்காரர் வாசலில் நின்று சேதுராமன் என்று கூப்பிட்டார். உள்ளேயிருந்து தேவதாஸ் வந்தான். இடது கை சட்டை மடித்திருந்தது. வகிடு வலப்பக்கம் மாறியிருந்தது. அதை நாம் எந்த அத்தியாயத்திலும் சொல்லவில்லையே, யோசித்துப் பார்.

“நான்தான் சேதுராமன். தங்களுடன் வருவதற்குச் சித்தமாயிருக்கிறேன்.”

அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னடா நாடகக்காரனா என்று கேட்டுவிட்டு, பெயருக்கு நேரே கோடு இழுத்தார். தேவதாஸ் எங்கே என்று கேட்டார். மக் சாரதா மூடியிருந்த அறையைக் காட்டி, அவனுக்கு இருமல், ரத்தம் வருகிறது என்றார். அதற்குப் பிறகு ஆபீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்ப்பாரா? நாலு அடி தள்ளி நின்றே அவன் பெயருக்கும் ஒரு குறி போட்டார்.

‘வேறொருவனுக்கு வந்த ஓலையைத் தன்னுடையது என்று வாங்கிக்கொண்டான்.’ நீ எழுதிய வரி. நான் படித்துக் காட்டாத வரி. பெட்டியைத் திறந்து பார்த்தேன், கட்டிய முடிச்சு கட்டியபடியே இருந்தது.

தம்பின் ஸ்டேஷனுக்குப் போய் அங்கேயிருந்து ரயிலாம். லாரி கிளம்பும்போது நான் பின்னாலேயே ஓடினேன். தேவதாஸ், தேவதாஸ் என்று கத்தினேன். அவன் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அவன் மட்டும் திரும்பவில்லை. கடைசியில் வேறு வழி தெரியாமல் சேதுராமன் என்றேன். உடனே திரும்பினான். முன்பின் அறியாத ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி மரியாதையாகச் சிரித்தான்.

அந்த முகத்தில் தேவதாஸ் இல்லை, பஷீரா. லாரியில் அவன் ஏறினானா என்றே எனக்குத் தெரியவில்லை.

சந்திரமதி


கஜா பேராங்
9.9.2603

பஷீராவுக்கு,

மூன்று கடிதம் எழுதினேன், மூன்றுக்கும் பதில் இல்லை. எடுத்து வைத்திருந்த கோபத்தை வெளியே எடுத்துவிட்டாய் போலிருக்கிறது. நியாயம்தான். ஆனாலும் எழுதுகிறேன், இங்கே சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

காகிதத்தில் இப்போது தேவதாஸ் வீட்டில் இருக்கிறான். அதனால் மக் சாரதா வீட்டிலும் அவன் இருந்தாக வேண்டும். முதலில் அது நடிப்பாகத்தான் இருந்தது. தினமும் பகலில் ஒரு தட்டு மரவள்ளி கொண்டுபோய் அறைக்குள் வைப்பார், கதவைச் சாத்துவார், அண்டை வீட்டுக்குக் கேட்கும்படி, தின்னுடா என்று மலாயில் திட்டுவார். தட்டைத் திருப்பி எடுத்துவரும்போது எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணைச் சிமிட்டுவார். மரவள்ளியை அவரே கொல்லைப்புறம் வைத்துச் சாப்பிடுவார்.

இப்போது கண் சிமிட்டுவதில்லை. தட்டு காலியாகத்தான் வருகிறது. ஆனால் அவர் சாப்பிடுவதை நான் பார்க்கவில்லை, அவர் உடம்பிலும் அது சேரவில்லை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது.

போன செவ்வாய் பட்டப்பகலில் அறை வாசலைக் கடந்தேன். உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். பேசப் போகிறவர்கள் செருமுவார்களே, அப்படி. நான் நின்றேன். உள்ளேயிருந்து பேச்சு வரவில்லை. என் வாயிலிருந்து ஏதாவது வரட்டும் என்று உள்ளே இருப்பவரும் நிற்பது போலிருந்தது. நான் வாயாடி என்று ஊரே சொல்லும். அன்று ஓட்டமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுக்களையில் பெண்கள் எட்டுப் பேரும் கேட்கிறார்கள், சேதுராமன் சயாம் காட்டுக்குள் போய் என்ன ஆனான் என்று. மக் சாரதாதான் அதிகம் கேட்கிறார். “உன் பத்திரிகைக் கட்டுக்குள் இருக்கும், தேடிப் பார்,” என்கிறார். நான் இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன். எது எழுதினாலும் அங்கே அது நடந்துவிடுமோ என்று விரல் மரத்துப்போகிறது. சோறு கிடைத்தது என்று எழுதலாமா? திரும்பி வந்தான் என்று எழுதலாமா? யார் திரும்பி வருவது?

நீ எழுது. எனக்குத் தைரியமில்லை.

சந்திரமதி


கிளேபாங்
29.12.2603

சந்திரா,

பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. கோபம் ஜூலையிலேயே தீர்ந்துவிட்டது. உன் முகத்தில் விழிக்க எனக்குத்தான் வெட்கம். இதைப் படித்த பிறகு என்னோடு நீ பேசாமல் போனாலும் போ.

ஆகஸ்டில் ஒரு நாள் மத்தியானம், யாருக்கும் தெரியாமல் கதையை முடித்துவிட்டேன். அவன் ஒழிந்தால் இந்தப் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இப்படித்தான் எழுதினேன்: ஆற்றங்கரையில் ஒரு முகாம். காலையில் பெயர் கூப்பிடுகிறார்கள். சேதுராமன் என்று மூன்று தடவை கூப்பிடுகிறார்கள். பதில் இல்லை. இறந்தவர் பட்டியலில் எழுதிக்கொள்கிறார்கள். எழுதி முடித்ததும் பயந்துபோய் அடுப்பில் போட்டுவிட்டேன். உம்மா கூடப் பார்க்கவில்லை.

நேற்று அஜீஸ் மாமு தம்பினில் ஓர் ஆளைப் பார்த்தார். சயாமிலிருந்து தப்பி வந்தவர், காலெல்லாம் புண். மலாக்கா ஆட்கள் யாரையாவது தெரியுமா என்று மாமு கேட்டிருக்கிறார். புத்தகம் மாதிரி பேசுவானே, சேதுராமன், அவனைத் தெரியும் என்றாராம். அவன் ஆகஸ்டில் போய்விட்டானாம். நீ உடம்பைப் பார்த்தாயா என்று மாமு திருப்பித் திருப்பிக் கேட்டாராம். பார்க்கவில்லையாம். காய்ச்சல் வந்து படுத்தவர்கள் நிறையப் பேராம். மறுநாள் காலை ஆற்றங்கரையில் மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். பதில் இல்லையாம். எழுதிக்கொண்டார்களாம்.

மாமு இதைச் சொல்லும்போது நான் சோற்றுக் கையோடு எழுந்து வெளியே போய்விட்டேன்.

நான் கொன்றேனா, நடப்பது என் கைக்கு முன்னாலேயே தெரிந்ததா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எனக்கு ஒன்று மட்டும் தெரிகிறது. போன உயிர் தேவதாஸுடையது. அவனுக்குத் தாய் இருக்கிறார். அவனுடைய பெயர் சொல்லி அழ அவருக்கு உரிமை இருக்கிறது. நீ போய்ச் சொல். கதை, பட்டியல், கட்டு என்று நாம் விட்ட புளுகு, எல்லாவற்றையும் சொல். நான் வர வேண்டியவள்தான், வாப்பா சாலையில் சோதனை இருக்கிறது என்கிறார். அது சாக்கு. எனக்குப் பயம்.

பஷீரா


கஜா பேராங்
14.1.2604

பஷீரா,

உன்னோடு பேசாமல் இருப்பதா? பேசாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நேற்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தும் பத்து நாள் சொல்லாமல் இழுத்தடித்தேன். நேற்று போகி. செட்டி கம்பத்தில் போகியன்று பர்ச்சு வைப்பார்கள், நீ பார்த்ததில்லை. இறந்துபோனவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததைப் படைத்து, பெயர் சொல்லி அழைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே அவர்கள் சாப்பிடுவார்கள். பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். பெயர் சொல்லி அழைக்காதவர்கள் வாசலிலேயே நிற்பார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு இதற்கு மேல் முடியவில்லை. காலையில் மக் சாரதா இலை நறுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். பத்திரிகை நின்றது, நாம் எழுதியது, தம்பினில் மாமு கேட்டது, நீ எரித்தது. தேவதாஸின் பெயரைக் கடைசியில்தான் சொன்னேன்.

மக் சாரதா இலை நறுக்குவதை நிறுத்தவில்லை. மலாயில் நிதானமாகப் பேசினார், நான் தமிழில் தருகிறேன்.

“என் வீட்டுக்கு வந்தவனை எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ரெண்டு பேரு அடுக்களையில உட்கார்ந்து அவனைப் பெத்துப் போட்டீங்க. என் மகன் அவனைத் தூக்கிக்கிட்டுப் போனான். செத்தது யாருன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

இரண்டு இலை தனியாக எடுத்து வைத்தார். ஒன்று தேவதாஸுக்கு, அவன் அம்மா அழைப்பார். மற்றது சேதுராமனுக்கு. அவனை நான் அழைக்க வேண்டுமாம். பிள்ளையை உறவுக்காரர்தான் அழைக்க வேண்டும், மற்றவர் அழைத்தால் வரமாட்டானாம்.

தேவதாஸுக்குப் பிடித்தது அவருக்குத் தெரியும். மாமு கொடுத்த மீனை மிளகாய்ச் சம்பால் போட்டு வதக்கினார். மாதக்கணக்காக ஒளித்து வைத்திருந்த அரிசியில் ஒரு கைப்பிடி பொங்கினார். பிறகு என்னைக் கேட்டார், சேதுராமனுக்கு என்ன பிடிக்கும் என்று.

என்ன பிடிக்கும், பஷீரா? சட்டை மடிப்பது தெரியும், செருமுவது தெரியும், பாடம் ஒப்பிக்கிற மாதிரி அவன் பேச்செல்லாம் தெரியும். பத்தொன்பது அத்தியாயத்தில் அவனுக்கு ஒரு வேளை சோறு போட்டிருக்கிறோமா? அவன் பெயரில் அரிசி வாங்கித் தின்றோம். அவன் வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை. தெரியாது என்றேன். மக் சாரதா என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. இருக்கிற எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தார். சோறு, மீன், அவித்த மரவள்ளி, ஒரு குவளை தண்ணீர்.

தேவதாஸின் அறையில்தான் இலை போட்டோம். ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக அதற்குள் நுழைந்தேன். மடித்து வைத்த பாய், ஆணியில் ஒரு சட்டை. வேறு ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்தேன். மக் சாரதா முதலில் அழைத்தார். “மாரி மாக்கான், தேவதாஸ்.” வா, சாப்பிடு என்பதுதான், சாதாரணமாகத் தினமும் கூப்பிடுகிற குரலில் சொன்னார். நான் என்ன சொல்வது? நம்முடைய பிள்ளையிடம் நாம் எந்தப் பேச்சில் பேசினோம்? சேதுராமா, சாப்பிட வா என்றேன். என் வீட்டுப் பேச்சில் வந்தது. வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம். மணி மூன்று இருக்கும், நல்ல வெயில். எட்டுப் பெண்களும் முற்றத்தில் இருந்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை, ஜன்னல் உள்பக்கம் தாழ்ப்பாள். பாய் விரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டதா என்று நான் யாரையும் கேட்கவில்லை.

மக் சாரதா மூன்று தடவை தட்டிவிட்டுத் திறந்தார்.

தேவதாஸின் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. சோற்றின் மேல் அவர் விரல் பதிந்த தடம் கூடக் கலையவில்லை. சேதுராமனின் இலை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மீன் முள் இல்லை. குவளையில் தண்ணீர் இல்லை. பூனை என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. பூனை குவளையைக் கவிழ்க்காமல் குடிக்குமா? நாற்பது வருஷமாக இலை போடுகிறாராம் மக் சாரதா. எந்த இலையிலும் ஒரு பருக்கை குறைந்ததில்லையாம், அவர்கள் வாசனையைத்தான் சாப்பிடுவார்களாம்.

அவர் தேவதாஸின் இலை முன்னால் உட்கார்ந்தார். சோற்றைத் தொட்டுப் பார்த்தார், மீனைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர் முகம் மாறியது. ஏழு மாதமாக நான் காணாத சிரிப்பு.

“அவன் வரல. எப்படி வருவான்? அவன்தான் சாகலையே.”

முகாமில் கூப்பிட்டது வேறொருவன் பெயரை, என் மகன் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார். அந்த இலையிலிருந்த சோற்றை உருண்டை பிடித்து எல்லாருக்கும் கொடுத்தார், தானும் சாப்பிட்டார். சுப்பையன் மாமாவிடம், பட்டியலில் தேவதாஸ் பெயரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அவர் நம்புவது சரியா என்று எனக்குத் தெரியாது. சரியாக இருக்கட்டும். உனக்கு எந்தச் சாமி கேட்கிறதோ அதனிடம் நீயும் கேள்.

காலி இலையை என் கையில் கொடுத்தார். அதை எடுக்க வேண்டியவள் நானாம். வருஷா வருஷம் போகிக்கு வந்து இலை போட்டு அழைக்க வேண்டியவளும் நானாம். உயிரோடு இருக்கும் வரைக்கும் என்றார். உன்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

சாலையில் சோதனை இருந்தால் நடந்து வா, மீன் கூடையில் வா, எப்படியாவது வா. அவனைக் கண்டு எனக்குப் பயமில்லை. பாவம், அவ்வளவு பசி. நாம் அழைக்காமல் விட்டால் சாப்பிட அவன் யார் வீட்டுக்குப் போவான் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

சந்திரமதி